ஓட்டை விழாத ஏடு

"கிட்ட வராதே ஜொஹரா, மருந்து வாடை தலையச் சுத்தும்!"

கணவன் லியாகத் அலி கத்தியதைக் கொஞ்சமும் காதில் வாங்காமல், சோத்துத் தூக்கோடு ஆய்வறைக்குள் நுழைந்துவிட்டாள் ஜொஹரா பீவி. ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய கையுறைத் தொழிற்சாலை அது. எண்பத்தைந்தாம் ஆண்டு. வெளியே மழைக்காலப் புழுக்கம்; உள்ளே ஏர்கோன் குளிரில் பல் கிட்டியது.

"யா அல்லா, ஐஸ்பெட்டியா இது? கதவ மூடு, கதவ மூடுன்னு வேற வெரட்டறீங்க."

"ஈரக்காத்து உள்ள வந்தா வேலை கெட்டுரும்லா."

மேசைமேல் சதுரக் கண்ணாடி. அதில் தேன் பதத்துக் கரைசலை ஊற்றி, கம்பியால் இழுத்துச் சமமாகப் பரப்பினான் லியாகத்.

"இன்னிக்காச்சும் ஓட்டை விழுமா?"

"பாப்போம்."

ஊரில் எல்லாருக்கும் ஓட்டை விழுந்தால் கவலை. இந்த வீட்டுக்கு மட்டும் ஓட்டை விழவில்லையே என்று கவலை! ரப்பர் ஒரு துண்டு, பிளாஸ்டிக் ஒரு துண்டு என்று ஒரே சங்கிலியாகக் கோத்த சரக்கு அது. காய்ந்து, தண்ணீர் வடிகட்டும் மெல்லிய ஏடாகும்போது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழ வேண்டும். தண்ணீர் புகலாம், அழுக்கும் கிருமியும் புகக்கூடாது. ஆனால் மாதக்கணக்காக லியாகத் செய்த ஏடெல்லாம் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

"அந்த ரெண்டு துண்டும் ஒத்தும் போகாது, பிரியவும் முடியாதுன்னீங்களே. நம்மள மாதிரியா?"

"வாய் மட்டும் குறையல ஒனக்கு."

இன்று கடைசி நாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேனேஜர் ராமையா சோதிக்க வருவார். ஏடு தேறினால் லியாகத்தை இரண்டு வருஷப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் ஆபீசர் வேலை. தேறாவிட்டால் பழையபடி கையுறை முக்கும் இடம்தான். மனைவியை அழைத்துப் போக அனுமதி இல்லை.

"நான் போயிட்டா நீ தனியா என்ன செய்வே?" என்றான் லியாகத்.

பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கும் அதே கவலைதான். காட்டிக்கொள்வாளா என்ன!

"கோலா கங்சார்ல எங்க அக்கா இல்லையா? ரெண்டு வருஷம் ஓடிராதா? அங்க எல்லாரும் உங்களக் கையுறை முக்குறவர்னு கேலி பண்ணுனாங்களே, அவங்க முன்னாடி நீங்க பெரியாளா வரணும். எனக்கு அது போதும். போங்க, கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

அவன் வெளியே போனான்.

ஜொஹராவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். காய்ச்சலோ, வயிற்றுவலியோ, அக்கா மகனுக்குப் பரீட்சையோ, ஓதி ஊதிவிடுவாள். கண்ணாடிமேல் குனிந்தாள். பிஸ்மி சொல்லி, தெரிந்த ஓதலையெல்லாம் முணுமுணுத்து, மூச்சு முட்ட ஊதினாள். 'அவர் இல்லாம எப்படி இருக்கப் போறேன்' என்று மனசு அழுதது. அழுதுகொண்டே இன்னும் இரண்டு மூச்சு சேர்த்து ஊதினாள்.

லியாகத் திரும்பி வந்தபோது, ஏடு பாலாக வெளுத்துக் கிடந்தது.

"என்ன செஞ்சே?" என்று பதறினான்.

"ஒண்ணும் செய்யலீங்க..." அவள் ஏட்டை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, கெட்டுப்போச்சா?"

அவன் ஏட்டை உரித்துக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனான். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ராமையா வந்துவிட்டார்.

"இருங்க லியாகத், அதையும் பாத்திரலாம்லா. போனா போவுது."

ஏட்டைப் புனலில் பொருத்தி, பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து கொண்டுவந்த செம்மண் தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் சேர ஆரம்பித்தது.

"சாதிச்சிட்டீங்கய்யா! உடனே பாஸ்போர்ட் எடுங்க!" லியாகத்தின் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, தலைமை ஆபீசுக்குப் போன் போட ஓடினார் ராமையா.

லியாகத் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"சந்தோஷத்துக்கு அழுவாங்களாக்கும்?" ஜொஹரா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "உங்ககிட்ட மறைக்க மாட்டேன். நான்தாங்க ஓதி ஊதுனேன். அல்லா கேட்டுட்டான் பாத்தீங்களா!"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடி பைத்தியமே, அது உன் மூச்சுல இருந்த ஈரம். ஈரம் பட்டாத்தான் ஓட்டை விழும்னு எனக்கு நோன்பு மாசமே தெரியும். உன்ன விட்டுட்டுப் போக முடியாமத்தான், தினமும் கதவ அடைச்சு ஏர்கோனப் போட்டு, அத்தன ஏட்டையும் நானே கெடுத்தேன்."