முடியலீங்கக்கா

நடன ஆசிரியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஃபைவ், சிக்ஸ், செவன்.

எட்டில் குணசீலன் பாமினியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். நடனத்தின் கடைசி லிஃப்ட். கைதட்டல் வரும் இடம். நாளை மறுநாள் கோயம்புத்தூரில் இறுதிச் சுற்று. அவளுடைய மாணவர்கள் அவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை.

குணசீலன் முழங்காலை மடித்தான். முதுகு நேராக இருந்தது. மெத்தை விரித்திருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர், விழுந்தால் தாங்கக் கைகளை நீட்டியபடி நின்றார்கள்.

பாமினி எம்பினாள்.

அவன் நெஞ்சைத் தாண்டினாள்.

அதற்கு மேல் போகவில்லை.

"முடியலீங்கக்கா. இறக்கிடறேன்."

சத்தமாகவே சொன்னான். மெதுவாக இறக்கினான். பாமினியின் கால்விரல்கள் தரையைத் தொட்டன. பிறகு குதிகால். அவள் நிலையாக நின்ற பிறகுதான் கையை எடுத்தான்.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ சிரித்தார்கள். வகுப்பிலேயே பலசாலி அவன்தான். பம்ப் கம்பெனியில் பகலெல்லாம் மோட்டார் தூக்கி அடுக்குகிறவன். இப்போது வலது தோளைப் பிடித்தபடி நின்றான்.

"மூணு நாளா வலிக்குதுங்க. சொன்னா ஆளை மாத்திருவீங்களோன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அவள் பாட்டை நிறுத்தினாள்.

பத்து வருடங்களுக்கு முன் அவளைத் தூக்கியவனுக்கும் தோளில் வலி இருந்தது. அவன் சொல்லவில்லை. மேடையில், அத்தனை பேருக்கு முன்னால், எப்படிச் சொல்வான். பிடி நழுவி விழுந்ததில் அவளுக்கு முதுகெலும்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. எல்லோரும் அவனைத்தான் ஏசினார்கள். அவன் ஆடுவதையே விட்டுவிட்டான்.

எழுந்து நடக்க முடிந்ததும் அவள் இந்த வகுப்பைத் தொடங்கினாள். எங்கே பிடிப்பது, எப்போது மூச்சை இழுப்பது, எப்படி இறக்குவது. எல்லாம் சொல்லித் தந்தாள். முடியாவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பதையும் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னாள்.

எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஒன்பது வருடங்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அவள் குணசீலன் முன்னால் போய் நின்றாள். கைகூப்பினாள்.

"ரொம்ப நன்றி, குணா."

சிரிப்பு அடங்கியது. அவன் பதறிப்போனான்.

"அக்கா, போட்டி..."

"அந்த லிஃப்டே வேண்டாம். தரையில நின்னே முடிச்சுக்கலாம். தோளை நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட காட்டு."

பாமினி ஓடிப்போய் ஐஸ் எடுத்து வந்தாள். துண்டில் சுற்றி அவன் தோளில் வைத்து அழுத்தினாள்.



பிறகு, தாங்குவதற்கு நின்றிருந்தவர்களில் ஒருத்தி தன் மணிக்கட்டைக் காட்டினாள். வீங்கியிருந்தது. இன்னொருவன், சாப்பிடாமல் வந்துவிட்டதாகவும் தலை சுற்றுவதாகவும் சொன்னான்.

பாமினி ஐஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மேல போறப்பெல்லாம் எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா. தினமும்."

ஆசிரியை மெத்தையில் உட்கார்ந்தாள். எல்லோரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் விழுந்த அன்னிக்கு, மேடை ஏறும்போதே என்னைத் தூக்குனவரு கை நடுங்குச்சு. எனக்குத் தெரியும். நானும் சொல்லல."



பாமினி நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.