கசப்புத் தேன்

இன்று பிரதமராக இருக்கும் வெள்ளியங்கிரி, அன்று காட்டில் புரட்சி நடத்திய ஏழு வருடமும், கவர்னர் ஹார்ட்லி துரையும் அவரும் ஒருவர் தலைக்கு ஒருவர் விலை வைத்துக்கொண்டே கடிதத்தில் நலம் விசாரித்துக்கொண்டவர்கள். துரை செத்ததும் அவர் மகள், வெள்ளியங்கிரி எழுதிய கடிதங்களைப் பெட்டியோடு அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். செய்தி கேட்டு, தூக்கில் போடப்பட்ட தோழன் மாசிலாமணியின் மனைவி பூரணம் வந்து உட்கார்ந்தாள்.

“எங்க வீட்டுக்காரரைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே அண்ணே. எனக்கு எழுத்துத் தெரியாது. வாசிங்க, கேப்போம்.”

துரைக்கு இருமல் என்று தேன் அனுப்பியபோது வெள்ளியங்கிரி எழுதிய கடிதம் அது. ‘கசக்கிறதே என்று பார்க்காதீர்கள், மாசிலாமணி நேற்றுத் தன் கையால் எடுத்தது’ என்று பெருமை பேசியிருந்தார். கசப்புத் தேன் ஒரே ஒரு மலையில்தான் கிடைக்கும். நாலாம் நாள் பட்டாளம் அந்த மலையை வளைத்து மாசிலாமணியைப் பிடித்தது. துரை கடிதத்தை அப்படிப் பயன்படுத்துகிற ஆளில்லை என்றுதான் இத்தனை வருடமாகத் தன்னையே சமாதானம் செய்துவந்தார். இப்போது பார்த்தால் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு.

வெள்ளியங்கிரி கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு மற்றதை வாசித்தார். “மாசிலாமணி பாடினால் காடே அடங்கிவிடும்...”

“பாட்டா? கழுதை தோத்துரும்!” பூரணம் சிரித்தாள். சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்தாள்.

“விரலுக்கு அடியில செவப்பாத் தெரியுதே, அது என்னண்ணே?”