கொக்கி இல்லாத பூச்சி

“கொக்கி வேண்டாமா? அப்பொறம் மீன் எதுல வே மாட்டும்?”

தாஜ் முகம்மதுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சேவலின் கழுத்து இறகை நூலால் சுற்றி, ஒரே நாள் வாழும் ஆற்றுப்பூச்சியைப் போலவே தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுவதில் விக்கிரமசிங்கபுரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“காலையில நீரு வீசுனதப் பாத்தேன் பாய். முங்காம, தண்ணி போன போக்குலயே போச்சு. அதே மாதிரி பத்து கட்டித் தாரும். கொக்கி வேர்ல மாட்டிக்கிடும்,” என்றார் கடற்கரை ஊரிலிருந்து வந்திருந்த மரிய அந்தோணி.

‘கடல்காரனுக்கு ஆத்து மீனப் பத்தி என்ன தெரியும்’ என்று முனகிக்கொண்டே தாஜ் கட்டிக் கொடுத்தார்.

“பாலத்துக்கிட்ட போயிராதேயும். காலையிலேர்ந்து ஒரே கூட்டம். மீனெல்லாம் கலைஞ்சிருக்கும்.”

வேடிக்கை பார்க்கத் தாஜும் கூடவே போனார். அந்தோணியிடம் தூண்டிலே இல்லை. பாலத்துக்கு வெகு மேலே இருந்த படித்துறையில் நின்று, பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே தண்ணீரில் விட்டார். பத்தும் கொஞ்ச தூரம் ஓடி, மருதமரத்து வேரடியில் போய்ச் சுழன்றுகொண்டே நின்றன.

“சின்னப்பிள்ள மாதிரி வெளையாடுதீரே!” தாஜ் சிரித்தார்.

அந்தோணி சட்டையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்தார்.

“கடல்ல ஆள் விழுந்தா நாங்க நீவாடு பாத்துத்தான் தேடுவோம், பாய். தண்ணி எங்கன இழுக்கோ, ஆளும் அங்கனதான். நேத்து எம் மவன் குளிக்க எறங்குனது இந்தப் படியிலதான். பாலத்துக்கிட்ட கூடி நிக்கவங்க அவனத்தான் தேடுதாங்க. அவன் இங்கன கெடக்கான்.”