சிப்பி தின்றவரின் விசில்

ஜன்னலுக்கு வெளியே கடல், பீட்ரூட் அலசிய தண்ணீர்போலச் சிவந்து கிடக்கிறது. "சிவப்புத் தண்ணிச் சிப்பியில விஷம், தின்னா முதல்ல உதடு மரத்துப்போகும்னு ஊரே சொல்லுது" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், சிப்பிக்காரர் வீம்புக்கு ஒரு தட்டு அவித்துத் தின்றுவிட்டார். காலி ஓடுகள் தட்டில் வாயைப் பிளந்திருக்கின்றன. "உதடு மரத்துப்போச்சா?" என்கிறாள். "உன் புலம்பல்ல காதுதான் மரத்துப்போச்சு." "அப்போ விசில் அடிங்க, பாப்போம்." அவர் விசிலைக் கேட்டு, போகிற கப்பலே திரும்பி வந்து 'கூப்பிட்டீங்களா' என்று கேட்டதுண்டு. மேஜையடியில் தூங்கும் நாய் அதைக் கேட்டால் எந்தத் தூக்கத்திலும் துள்ளி எழும். அவர் சிரித்தபடி உதட்டைக் குவிக்கிறார். கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. அவள் அவர் வாயையே பார்க்கிறாள். வெறும் காற்று வருகிறது. அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. மறுபடியும் ஊதுகிறார். நாய் தூங்கிக்கொண்டே இருக்கிறது.