இடது கன்னம்

தணிகாசலம் ஒரு மாதமாகத் தன் முகத்தை இரண்டாகப் பிரித்துச் சவரம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வலது கன்னத்துக்கு வெந்நீர்த் துண்டால் ஒற்றடம், இடது கன்னத்துக்குத் தேங்காய் எண்ணெய். பிளேடை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவார். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் எரிந்தது.

அன்று காலை வலது பக்கம் வழக்கம்போல் எரிந்தது. இடது பக்கத்தில் பிளேடு போனதே தெரியவில்லை. நேற்றும் இதே எண்ணெய், இதே பிளேடுதான். இன்றைக்கு மட்டும் எப்படி?

“புஷ்பா, இங்க வா! எண்ணெய்தான் ஜெயிச்சுது!” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

“என்னங்க, குழறுறீங்க?” என்றபடி வந்த புஷ்பவல்லி பதறிப்போனாள். “ஐயோ, பனியனெல்லாம் ரத்தம்! வலிக்கலையா?”

கண்ணாடியில் பார்த்தார். இடது தாடையோரம் நீளமாக ஒரு வெட்டு. வலது கையால் தொட்டார். விரலுக்கு ஈரம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

“எங்க, கொஞ்சம் சிரிங்க பாப்போம்.”

வாய்நிறையச் சிரித்தார். அவர் முகத்தையே பார்த்த புஷ்பவல்லி, “ஐயோ, வாய் ஒரு பக்கமா கோணுதே! யாராவது ஆட்டோ பிடிங்களேன்!” என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

நன்றாகத்தானே சிரித்தோம் என்று எண்ணியபடி, இன்னொரு முறை சிரித்துப் பார்க்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.