பகலில் பார்த்த பாதை

கர்க்லாண்ட் நகரத்து வீட்டின் பேஸ்மெண்டில் புவனேந்திரன் சைக்கிள் மிதிக்கிறார். அசையாமல் பூட்டிவைத்த சைக்கிள். எதிரே பெரிய திரையில் இத்தாலியின் மலைப்பாதை. அவர் மிதித்தால் பாதை நகரும், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மேலேயுள்ள சின்ன ஜன்னலைப் பனி மூடிக் கிடக்க, திரையில் மட்டும் வெயில் கொட்டுகிறது. ஒலிவ் மரங்கள், சிவந்த ஓட்டுக் கூரைகள், ஒரு வாசலில் காயும் வெள்ளை விரிப்பு. பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும் மனைவி வதனி நிமிர்ந்து பார்க்கிறாள். "என்ன வடிவான இடம்! அந்த நாளிலை சண்டைக்குத் தப்பி நீங்கள் வந்தது இந்தப் பக்கத்தாலைதானே?" "ஓம். களவா எல்லை கடத்துற ஏஜென்சிக்காரன் ஏத்திப் பூட்டின லொறிக்குள்ளை. பகலோ இரவோ எண்டும் தெரியாது. வளைவு வந்தால் ஆளுக்கு மேலை ஆள் விழுவம், அவ்வளவுதான்." திரையில் ஒரு வளைவு வருகிறது, அவருடைய தோள் தானாகச் சாய்கிறது. வளைவைத் தாண்டியதும், பின்கதவை இறுகப் பூட்டிய லொறி ஒன்று முன்னால் மேடேறிக்கொண்டிருக்கிறது. அவர் கால் நின்றுவிடுகிறது. வெயிலுக்குள் லொறியும் நிற்கிறது. "என்னப்பா, களைச்சுப் போனியளோ?" அவர் அந்தக் கதவையே பார்க்கிறார். "இல்லை. உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் கொஞ்சம் நிமிர்ந்து இருக்கட்டும்."