மங்கைக்கு ஒரு மாமி

"மங்கைட ஒப்பீஸ் இதுதானே?"

வாசலில் நின்ற சீதேவிப்பிள்ளையின் கையில் ஒரு தட்டம். அதில் வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், பலகாரம், மடிப்புக் கலையாத சேலை.

"ஓம், என்ன விசயம்?" என்று கேட்டான் ரதீஸ்.

"மங்கையாப் பேசுற பிள்ளையைப் பாக்க வேணும். என்ட மகன் யதுர்ஷனுக்குக் கேட்டு வந்தன்."

புளியந்தீவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கும் அந்தக் கம்பனியில் மொத்தம் நாலே பேர். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்கை என்பது விவசாயிகளின் போனில் இருக்கும் செயலி. தண்ணீர் எப்போது திறப்பார்கள், நெல் வெட்டும் மெசின் எப்போது வரும் என்று எழுதிக் கேட்டால், நொடியில் பதில் எழுதும். அதைப் போய்ப் பெண் கேட்டால்?

ரதீஸ் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினான். முதலாளி உதயரூபன் தனுஷியாவை உள்ளே கூப்பிட்டார்.

மங்கை எப்படிப் பேசவேண்டும் என்று எழுதிக் கொடுத்தவளே தனுஷியாதான். கம்பனி எங்கே வாய் திறந்தாலும் ஒரே வீட்டுப் பிள்ளை பேசுவதுபோல இருக்கவேண்டும் என்று பதினாலு பக்கம் எழுதியிருந்தாள். பெரியவர்களை மாமா, மாமி என்று கூப்பிடவேண்டும். எதைக் கேட்டாலும் முதலில் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கவேண்டும்.

முதலாளிக்குப் பிடித்ததோ "மதிப்பிற்குரிய பாவனையாளரே" என்ற விறைத்த பேச்சு. மன்றாடித்தான் ஒரு மாதத் தவணை வாங்கியிருந்தாள். அது இன்றோடு முடிகிறது. சரிவராவிட்டால் கொழும்பில் வேறு ஆட்கள் எழுதித் தருவார்கள், தனுஷியா வீட்டுக்குப் போகலாம்.

"மாமி மாமி எண்டு கூப்பிட்டியே, இப்ப மருமகளாக்க வந்து நிக்கிறா" என்றார் உதயரூபன். "ஒண்டும் தெரியாத சனம். உன்ட பேச்சால ஏமாந்து போச்சுது."

"நான் இப்பிடி வருமெண்டு நினைக்கல்ல சேர்."

"நாளையில இருந்து மதிப்பிற்குரியதான். போய் அது மெசின் எண்டு பக்குவமாச் சொல்லிப்போட்டு வா."

வெளியே ரதீஸுக்கு ஒரே கொண்டாட்டம். "சீதனமா வீடு வளவு ஏதும் எதிர்பாக்கிறீங்களோ மாமி?" என்று பவ்வியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் வேணாம் தம்பி. எங்கட பக்கம் பொம்பிளை வீட்டாக்கள்தான் மாப்பிள்ளை கேட்டு வாறது. அவங்க வரட்டும் எண்டு பாத்திருந்தா வேற ஆரும் கொத்திக்கொண்டு போயிருவாங்க. அதான் வெக்கத்தை விட்டுப்போட்டு உன்னிச்சையில இருந்து முதல் பஸ்ஸிலயே வந்திட்டன்."

ரதீஸ் திரும்பவும் மேசைக்குக் கீழே போனான்.

தனுஷியாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வேலை போகிற கவலையைவிட, இந்த மனிசியை எப்படி நோகாமல் திருப்பி அனுப்புவது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விடியவே வெளிக்கிட்டிருப்பீங்க மாமி. சாப்பிட்டீங்களா?"

சீதேவிப்பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மாமி, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது." தனுஷியா குரலைத் தாழ்த்தினாள். "மங்கை மனிசி இல்ல. அது வெறும் மெசின்."

உதயரூபன் கதவோரம் வந்து நின்றார்.

சீதேவிப்பிள்ளை எழுந்து, தட்டத்தைத் தனுஷியாவின் மடியில் வைத்தாள்.

"அது முதல் நாளே தெரியும் மகள். ஒரே கேள்விய வேணுமெண்டே இருவது தரம் கேட்டன், ஒருக்காவும் எரிஞ்சு விழல்ல, மனிசர் அப்பிடியோ? அதுக்கு இந்தப் பேச்சுப் பழக்கின பிள்ளையைத்தான் நான் கேட்டு வந்தன்."